முப்பதாவது முடிச்சு

இரண்டு கதவுகள். தாழ்ப்பாள் கிடையாது, கீல் கிடையாது, ஒரு நாளைக்குப் பத்தாயிரம் தடவை திறந்து மூடினாலும் சத்தம் கேட்காது, மூடிவிட்டால் வீடு முழுக்க இருட்டு. அது என்ன?

அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். கண்ணிமை என்று நீங்கள் சொன்னால், நன்றாகத் தூங்குகிற ஊரில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். சின்னப்பாறைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் இதே விடுகதையைப் போட்டபோது பதினேழு பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு பையன் எழுந்து, "டீச்சர், எங்க ஊர்ல அப்படி ஒண்ணு இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற அந்த டீச்சர் அவன் கண்களைப் பார்த்தார், தலையை ஆட்டினார், வேறு விடுகதைக்குப் போனார்.

சின்னப்பாறை, ராயக்கோட்டைப் பக்கத்தில் ஒரு காட்டுக்கும் ஒரு பாறைக்கும் நடுவில் இருக்கிறது. நாற்பது வீடு, ஒரே தெரு, தெருவைச் சுற்றி நாலு பக்கமும் சாமந்தி. சாமந்திச் செடிக்கு இரவு எவ்வளவு நீளம் என்று தெரியும். இரவு நீண்டால் அது மொட்டு வைக்கும். இரவு குறுகினால் இன்னும் காலமிருக்கிறது என்று நினைத்து உயரமாக வளர்ந்துகொண்டே போகும். அதனால் நாற்று நட்ட நாளிலிருந்து முப்பது இரவுகளுக்கு, பத்தடிக்கு ஒன்றாகத் தோட்டம் முழுக்கப் பல்பு கட்டித் தொங்கவிட்டு, செடியைத் தூங்கவிடாமல் வைத்திருப்பார்கள். முப்பத்தோராவது இரவு விளக்கை அணைத்து இருட்டைக் கொடுப்பார்கள். அணைத்த நாளிலிருந்து ஏழு வாரத்தில் பூ. ஆடியில் அணைக்கிற விளக்குக்கு ஆயுதபூஜையில் பூ வரும்.

முப்பது இரவை எண்ணுவதற்கு அந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. மோட்டார் ரூமில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் சணல் கயிறு தொங்கும். ஒவ்வொரு நாள் மாலையும் விளக்குப் போடுவதற்கு முன்னால் அதில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். முடிச்சுப் போடுகிறவர் நாற்று நட்டவராக இருக்கக் கூடாது, ஏனென்றால் நட்டவருக்கு அவசரம் இருக்கும், அல்லது ஆசை இருக்கும், ஒரு முடிச்சைக் கூட்டவோ குறைக்கவோ கை துறுதுறுக்கும். அதனால் எந்த வயலிலும் கால் வைக்காத ஒரு பிள்ளையை ஊர் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். பொய் சொல்லக் காரணமே இல்லாத ஒருவர் வேண்டும் என்பதுதான் கணக்கு. இந்தத் தடவை முனிரத்தினத்தின் மகள் மௌனிகாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளுக்கு ஒன்பது வயது. நிதானமான பிள்ளை, முடிச்சை இறுக்கிப் போடுவாள் என்று எல்லாரும் சொன்னார்கள்.

முன்பெல்லாம் மஞ்சள் பல்பு, நடு இரவில் நான்கு மணி நேரம் மட்டும். போன வருஷம் வெள்ளைப் பல்பு வந்தது. அது மின்சாரம் குறைவாகத்தான் இழுத்தது, அதனால் இன்னும் கொஞ்சம் எரியட்டும் என்றார்கள், இன்னும் கொஞ்சம் என்பது இந்தத் தடவை விடியும் வரை என்று ஆனது. வீட்டுக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளி வழியாக அந்த வெளிச்சம் இறங்கி, பாத்திர அடுக்கின் மேலும், தொங்குகிற சட்டையின் மேலும், தூங்குகிறவர்களின் முகத்தின் மேலும் ராத்திரி முழுவதும் உட்கார்ந்திருந்தது.

மூன்றாவது முடிச்சுப் போட்ட இரவு முடிந்து விடிந்தபோது, சின்னப்பாறையில் பெரியவர்கள் எல்லாருடைய கண்ணிமையும் கண்ணாடி ஆகியிருந்தது.

வலி இல்லை, எரிச்சல் இல்லை. இமையை மூடினார்கள், மூடியது, மூடிய இமைக்குள்ளிருந்து எதிரில் இருந்தவர் அப்படியே தெரிந்தார். பத்து வயதுக்குக் கீழே இருந்த பிள்ளைகளுக்கு மட்டும் முழுதாகத் தெளியவில்லை. அவர்கள் இமை எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி இருந்தது, வெளிச்சம் மங்கலாக உள்ளே வந்தது, அவர்கள் பாதித் தூக்கம் தூங்கினார்கள். பெரியவர்களுக்கு அந்தப் பாதியும் இல்லை.

டீக்கடை திம்மராயன்தான் முதலில் அதைப் பற்றிப் பேசினார். ஆற்றிய டீயை நீட்டியபடியே, "நேத்து ராத்திரி முழுக்கக் கூரையில இருக்கற பல்லியப் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். "அதுவும் என்னயப் பாத்துச்சு. கடைசியில அதுதான் சலிச்சுப்போய் நகர்ந்துச்சு."

"உனக்காவது பல்லி" என்றார் முனிரத்தினம். "எனக்கு என் மச்சான் முகம். லீவுக்கு வந்திருக்கான்."

சிரிக்க வேண்டிய இடம் என்று எல்லாருக்கும் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை, டீயைக் குடித்தார்கள்.

ஒரு வாரத்தில் ஊர் பழகிவிட்டது. முனீஸ்வரன் கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டவர்களுக்கு முன்னால் நிற்பவர் முதுகு சொறிவது தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டே கும்பிட்டார்கள். தூங்குகிற மாதிரி நடிக்கிற கணவன்மார்களை மனைவிமார்கள் கண்டுபிடித்தார்கள், அதைப் பற்றிச் சண்டை போடத் தெம்பில்லாமல் விட்டுவிட்டார்கள். கண்ணாமூச்சி விளையாட்டில் எண்ணுகிற பிள்ளை இமையை நம்பாமல் மோட்டார் ரூம் சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்று எண்ணியது. குள்ளப்பன் என்ற பெரியவர் எட்டாவது முடிச்சு அன்று இறந்தபோது இமையை இழுத்து மூடினார்கள். மூடிய பிறகும் அவர் வந்தவர் போனவரையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கண் மேல் பூ வைக்கலாம் என்றார்கள். நாலு பக்கமும் சாமந்தி நின்ற அந்த ஊரில் ஒரு பூ இல்லை, ராயக்கோட்டைக்கு ஆள் போய் மாலை வாங்கி வர வேண்டியிருந்தது.

கண்ணில் துணியைக் கட்டிப் பார்த்தார்கள். திம்மராயன் கறுப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு இரவு தூங்கினார், இரண்டாவது இரவு அரைத் தூக்கம், மூன்றாவது இரவு துண்டும் இமை மாதிரியே தெளிந்துவிட்டது. அதன் வழியாகப் பல்லியைப் பார்த்தார். கூரை மேல் கறுப்பு பாலிதீன் போட்டவர்களுக்கும் மூன்று இரவுக்கு மேல் அது நிற்கவில்லை. அந்த வெளிச்சத்துக்கும் ஒரு கண்ணுக்கும் நடுவில் எது நின்றாலும் மூன்று இரவில் கண்ணாடி ஆனது. அதற்கப்புறம் யாரும் எதையும் கட்டவில்லை.

மறதி வந்தது. டீக்கடைச் சுவரில் தேதி கிழிக்கிற காலண்டர் இருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் இன்றைக்கு இன்னும் கிழிக்கவில்லை என்று நினைத்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு போனார்கள், ஆடி மாதம் பாதியில் அந்தக் காலண்டரில் கார்த்திகை தீபம் வந்துவிட்டது. செல்போனில் சரியான தேதி இருந்தது. பார்த்தார்கள், பையில் போட்டார்கள், போட்ட உடனே மறந்தார்கள். செவ்வாய்க்கிழமையை வெள்ளிக்கிழமை என்று நினைத்து வாசல் மெழுகினார்கள். உப்புப் போட்ட டீயைக் குடித்துவிட்டு, இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்த ஊரில் மிச்சம் இருந்த ஒரே கணக்கு மோட்டார் ரூம் ஆணியில் தொங்கிய கயிறுதான். அதை மட்டும் எல்லாரும் நம்பினார்கள்.

மௌனிகாவின் அம்மா மாதேவி ஏழு மாதக் கர்ப்பிணி. அவளுக்குக் கால் வீங்கியது, பிறகு கை வீங்கியது, பிறகு வளையல் கழலாமல் போயிற்று. ஒரு நாள் தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டு, கருகும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா, கருகுது."

"தெரியுது கண்ணு" என்றாள் மாதேவி. "பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

மௌனிகா அடுப்பை அணைத்தாள். கருகிய தோசையை இருவரும் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள்.

மாதேவிக்கு மண்டைக்குள் யாரோ உரலில் இடிப்பது போல வலி. இந்தச் சுவர்கூட மெலிந்துகொண்டே வருகிறது, அந்தப் பக்கத்துச் செடி தெரிகிறது என்று ஒரு காலையில் சொன்னாள். யாரும் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கவில்லை.

இருபத்தோராவது முடிச்சுப் போட வேண்டிய நாள் வியாழக்கிழமை. அன்று காலை அங்கன்வாடிக்கு டாக்டரம்மா வந்தார். வெளியூர்க்காரர், அதனால் அவருக்குச் சாதாரண இமை. அவர் இமைப்பதைப் பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர் டார்ச் அடித்து மாதேவியின் இமையைப் பார்த்தார், அட்டையில் 'இமை: தெளிவு' என்று எழுதினார், பிரஷர் பார்த்தார், மறுபடியும் பார்த்தார், மூன்றாவது தடவை பார்த்துவிட்டுக் கருவியைக் கழற்றினார்.

"எத்தனை நாளா தூங்கல?"

மாதேவி மகளைப் பார்த்தாள்.

"பதினேழு நாள்" என்றாள் மௌனிகா.

டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்து உட்கார்ந்தார். "பாப்பா, நீதான் கணக்கா? அப்போ உன்கிட்டயே சொல்றேன், நீ அப்பாகிட்ட சொல்லு. ராத்திரி ஆயிடுச்சுன்னு உடம்புக்குச் சொல்றது கண்ணுதான். இருட்டாச்சுன்னு கண்ணு சொன்னாத்தான் தூக்கம் சுரக்கும், ரத்தம் அடங்கும், இதயம் கொஞ்சம் உக்காரும். இங்க பதினேழு நாளா பகல். மாத்திரை தர்றேன். தூங்காத உடம்புல மாத்திரை பாதிதான் நிக்கும். அம்மா ஒரு நாலஞ்சு ராத்திரி முழு இருட்டுல படுக்கணும். அடுத்த புதன்கிழமை வருவேன். அப்பவும் பிரஷர் இறங்கலன்னா குழந்தைய வெளிய எடுக்க வேண்டியிருக்கும். ஏழு மாசத்துல எடுத்தா குழந்தை நிக்குமான்னு சொல்ல முடியாது. எடுக்காம விட்டா அம்மா நிப்பாங்களான்னு சொல்ல முடியாது."

"இருட்டுல படுத்தா சரியாயிடுமா?" என்று கேட்டாள் மௌனிகா.

"உறுதி சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "வழி இருக்கு. அவ்வளவுதான் சொல்வேன். வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போங்களேன். பாட்டி வீடு எங்க?"

"ஓசூர்ல. எதிர்ல பெட்ரோல் பங்க்."

"ஆஸ்பத்திரியில சேத்துக்கலாம். ஆனா வார்டுல ராத்திரி முழுக்க ட்யூப்லைட் எரியும்." டாக்டரம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "அந்தப் பாறை மேல?"

"அங்க யானை வருது" என்றாள் மௌனிகா.

டாக்டரம்மா மாத்திரைப் பட்டையைக் கையில் கொடுத்தார். "புதன்கிழமை" என்றார்.

அன்று மாலை முனிரத்தினம் மோட்டார் ரூமில் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஒன்று, இரண்டு என்று முடிச்சைத் தடவித் தடவி எண்ணினார், பதினான்கில் தொலைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார், பதினொன்றில் தொலைத்தார்.

"இந்தா, நீ எண்ணு."

மௌனிகா எண்ணினாள். "இருபது இருக்குப்பா. இப்ப போட்டா இருபத்தொண்ணு."

"சரி. நீ சொன்னா சரிதான்" என்றார். "எங்க கை எண்ணினா எதையாவது எண்ணும். நீ பொய் சொல்லி உனக்கு என்ன ஆகப்போகுது?"

அவள் முடிச்சைப் போட்டு இறுக்கினாள். டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், மூடிய இமைக்குள்ளிருந்து அவளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இன்னிக்கே அணைச்சா என்ன ஆகும்பா?"

"செடி இப்ப முழங்கால்கூட இல்ல. இப்ப இருட்டு குடுத்தா இந்த உயரத்துலயே மொட்டு வெச்சிடும். சட்டைப் பொத்தான் மாதிரி பூ. அதுவும் பூஜைக்குப் பத்து நாள் முன்னாடி. பூஜையன்னிக்குச் செடியில சருகுதான் இருக்கும்." கயிற்றை ஆணியில் மாட்டினார். "நம்ம வயல் மட்டும்னா அணைச்சிடுவேன். எல்லாம் ஒரே லைன். நாப்பது வீட்டுச் செடி. திம்மராயன் பொண்ணு சுகந்திக்கு ஐப்பசியில கல்யாணம், இந்தப் பூவ நம்பித்தான் மண்டபமே சொல்லியிருக்கான்."

"கேட்டுப் பாருங்கப்பா."

"கேக்கறேன்."

அவர் கேட்கப் போனார். டீக்கடை முன்னால் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், வெள்ளை வெளிச்சத்தில் ஒருவருக்கும் நிழல் சரியாக விழவில்லை. நடுவில் போய் நின்றார். "ஒரு விஷயம்" என்றார். எல்லாரும் திரும்பினார்கள். அவர் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என்ன விஷயம்னா" என்றார். பூச்சிகள் பல்பைச் சுற்றிக்கொண்டிருந்தன. திம்மராயன் ஒரு டீயை நீட்டினார், முனிரத்தினம் வாங்கிக் குடித்தார், உட்கார்ந்தார், எதற்காக வந்தோம் என்பது டீயோடு சேர்ந்து இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தபோது கையில் நாலு பன் இருந்தது. அதை வாங்கத்தான் போனேன் என்று நினைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மௌனிகா அவர் உள்ளங்கையில் பேனாவால் எழுதிவிட்டாள்: அம்மா, விளக்கு. அவர் போனார், கையை விரித்துப் படித்தார், இந்தத் தடவை கேட்டேவிட்டார். ஒருவரும் மறுக்கவில்லை. ஒருவரும் சரி என்றும் சொல்லவில்லை. பாவம் என்றார் ஒருவர். பாவம்தான் என்றார் இன்னொருவர். அணைக்கலாமா என்று அவர் திரும்பக் கேட்டபோது, எதை என்றார்கள். மறுபடி முதலிலிருந்து சொன்னார். பாவம் என்றார்கள். இப்படி நாலு தடவை நடந்தது, ஐந்தாவது தடவை அவரும் பாவம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

சனிக்கிழமை மௌனிகா தானே திம்மராயனிடம் போனாள். அவர் எப்போதும் அவளுக்கு ஒரு வர்க்கி கொடுப்பார், அன்றும் கொடுத்தார்.

"மாமா, கயித்துல எத்தனை முடிச்சு இருந்தா விளக்க அணைப்பீங்க?"

"முப்பது."

"இருபத்தி மூணுல அணைப்பீங்களா?"

"அதெப்படி அணைக்கறது? முப்பது இருந்தா அணைக்கணும்." பாலை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "இமை போச்சு. தூக்கம் போச்சு. இன்னிக்கு என்ன கிழமைன்னு கேட்டா என் பொண்டாட்டி அழுவறா. அந்தக் கயிறு ஒண்ணுதான் நேரா இருக்கு, பாப்பா. நீ போட்டு வெக்கறதால."

"உங்களுக்குத் தூங்கணும்னு இல்லையா மாமா?"

"இருக்கே" என்றார் திம்மராயன். "சுகந்தி கல்யாணம் முடிஞ்சதும் ஒரு மாசம் தூங்குவேன். நீ வந்து எழுப்பக் கூடாது."

உள்ளே சுகந்தி கல்யாணப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். தைத்ததைப் பிரித்து, பிரித்ததைத் தைத்துக்கொண்டிருந்தாள். மௌனிகாவைப் பார்த்து, "எந்தக் கலர் நூல்டி இது?" என்று கேட்டாள். மௌனிகா, "பச்சைக்கா" என்றாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். ஊசியில் நூலைக் கோத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அன்று மாலை போட்டது இருபத்து மூன்றாவது முடிச்சு. அன்று ராத்திரி மாதேவிக்கு மூக்கில் ரத்தம் வந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் துடைத்தாள். கணவனை எழுப்பவில்லை, ஏனென்றால் அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். அவள் துடைப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்ய வேண்டும் என்று இருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. மௌனிகா எண்ணெய்க் காகித இமைக்குள்ளிருந்து இருவரையும் மங்கலாகப் பார்த்தாள், எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அம்மாவின் வயிற்றின் மேல் கையை வைத்தாள்.

"அசையுதாம்மா?"

"அசையுது" என்றாள் மாதேவி. "அதுவும் தூங்கல."

மௌனிகா அம்மாவின் கண்களின் மேல் தன் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் மூச்சு மாறியது, தோள் இறங்கியது, வாய் லேசாகத் திறந்தது. கை வலித்தபோதும் மௌனிகா எடுக்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். விடியும்போது கையை எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கையின் நடுவில் தோல் மெலிந்து, எண்ணெய் பட்ட மாதிரி பளபளத்தது, விரலெலும்புகள் மங்கலாகத் தெரிந்தன. மூன்றாவது இரவு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் எண்ணத் தெரிந்த பிள்ளை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெருக்கல் வாய்ப்பாடு கேட்டார். மௌனிகா ஆறாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் சொன்னாள். சாப்பாட்டு மணிக்கு மதியச் சோறு வாங்கித் தின்றாள், தட்டைக் கழுவி வைத்தாள். மாலையில் பை வைக்க வீட்டுக்குப் போனபோது அம்மா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்து, "யாரு பாப்பா நீ?" என்று கேட்டாள். கேட்ட பிறகு, "மௌனிகா" என்று தானே சொல்லிக்கொண்டாள்.

மௌனிகா மோட்டார் ரூமுக்குப் போனாள். வெளியே காற்றடித்துக்கொண்டிருந்தது, செடிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிமிர்ந்தன. முழங்கால் உயரம்கூட இல்லாத செடிகள், நாற்பது வீட்டுச் செடிகள். அவள் வாசலில் நின்று அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திம்மராயன் கடையில் ஸ்டவ் சீறுகிற சத்தம் கேட்டது. பிறகு கயிற்றை ஆணியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, இருக்கிற முடிச்சுகளை எண்ணினாள். இருபத்து நான்கு இருந்தன.

அவள் ஆறு முடிச்சுகள் போட்டாள். ஒவ்வொன்றையும் இறுக்கினாள். கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டு, டீக்கடைக்குப் போய், நேற்றோடு முப்பது ஆகிவிட்டது என்று சொன்னாள்.